வீட்டுக்குள் ஒரு மழை வேண்டுமா?

கனடாவில், ஸ்காபரோவில், பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த சிறிய வீட்டை இடித்துவிட்டு அதே நிலத்தில் இரண்டு மாடி வீடொன்றைக் கட்டுவதென்று 2021 ஆம் ஆண்டு என் மகளும் மருமகனும் தீர்மானித்தார்கள். அப்போது நானும் அவர்களுடன்தான் இருந்தேன். கொழும்பில் நாற்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகங்களில் காலத்தைக் கழித்தவனுக்கு அங்கே பெரிதாக வேலை எதுவும் இல்லை. வீடு கட்டுவது பற்றிய கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஒரு கதிரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதே என் உத்தியோகமாயிற்று. கேள்வி கேட்கும் பழக்கம் மாத்திரம் என்னை விட்டுப் போகவில்லை.

வரைபடம் வரைந்தவர் ஒருநாள் செலவுப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தில், 'விருப்பமானால்' என்ற தலைப்பின் கீழ், ஸ்பிறிங்க்ளர், 12,000 டொலர் என்று ஒரு வரி இருந்தது. ஹோட்டல்களிலும் பெரிய கடைகளிலும் கூரையில் பொருத்தியிருப்பார்களே, தீப்பிடித்தால் தானாகவே தண்ணீரைத் தெளிக்கும் கருவி, அதுதான். தனிக் குடும்பம் வாழும் வீட்டுக்கு அது வேண்டுமென்று ஒன்ராறியோ மாகாணச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று மாடிக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களுக்குத்தான் 2010 முதல் அது கட்டாயம். மருமகன் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே கீறிவிட்டார். அதே பட்டியலில் குசினி மேடைக்கான கல்லுக்கு 14,000 டொலர் இருந்தது. அது பத்து நிமிடத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

"ஏன் தம்பி அதை வெட்டினீங்கள்?" என்று கேட்டேன்.

"மாமா, வீடென்ன ஹோட்டலே? பேரன் ஒருநாள் பாணைக் கருக்கினால் போதும், வீடு முழுக்க மழை பெய்யும். பிறகு தளபாடம், நிலம், சுவர் எல்லாம் போச்சு. மாரியிலை பைப் உறைஞ்சு வெடிச்சால் அது வேறை. புகை அலாரம் கிடக்குத்தானே."

அவர் பொறியியல் படித்தவர். நான் படிக்காதவன். சினிமாப் படங்களில் ஒருவன் தீப்பெட்டிக் குச்சியை உயர்த்திப் பிடித்ததும் கட்டடம் முழுவதும் தண்ணீர் கொட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தெரியாத விடயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு நாளைக்கு மேல் என்னால் இருக்க முடிவதில்லை. நூலகம் பக்கத்திலேயே இருந்தது.

முதலில் தெரிந்துகொண்டது, சினிமா பொய் சொல்கிறது என்பது. வீட்டுத் தெளிப்பானுக்குப் புகை என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது வெப்பம் ஒன்றுதான். தண்ணீர் வரும் வாயை அடைத்தபடி சிறுவிரலை விடச் சிறிய கண்ணாடிக் குமிழொன்று இருக்கும். அதற்குள் ஒரு திரவம். குமிழைச் சுற்றியுள்ள வெப்பம் ஏறத்தாழ 68 பாகை செல்சியஸை எட்டும்போது திரவம் விரிந்து கண்ணாடியை உடைக்கிறது, அடைப்பு விழுகிறது, தண்ணீர் பாய்கிறது. எந்தத் தெளிப்பானின் குமிழ் உடைந்ததோ அது மாத்திரமே திறக்கும். அடுத்த அறையில் இருப்பது சும்மாதான் இருக்கும். கருகிய பாணோ, மிளகாய் பொரித்த நெடியோ அதை அசைக்காது. மின்சாரம் வேண்டியதில்லை, பற்றரி வேண்டியதில்லை, ஒருவர் விழித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தக் கருவியின் பிறப்பும் வேடிக்கையானது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பியானோ செய்யும் தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலீ என்பவர் 1874 இல் தன் தொழிற்சாலையைக் காப்பதற்காக இதை அமைத்தார். பிறகு பஞ்சாலைகளுக்கும் பண்டகசாலைகளுக்கும் போயிற்று. மனிதர் படுத்துறங்கும் வீடுகளுக்கென்று அமெரிக்காவில் தனியான நியமம் ஒன்று எழுதப்பட்டது 1975 இல்தான். பியானோவுக்கும் பஞ்சுப் பொதிக்கும் கிடைத்த பாதுகாப்பு நித்திரை கொள்ளும் பிள்ளைக்குக் கிடைப்பதற்கு நூறு ஆண்டுகள் சென்றன.

தண்ணீரால் வரும் நாசம் என்பதுதான் மருமகனின் முதல் ஆட்சேபம். அதற்கு அரிசோனா மாநிலத்தின் ஸ்கொட்ஸ்டேல் நகரம் பதில் வைத்திருந்தது. அந்த நகரசபை 1985 இல் ஒரு விதி இயற்றி, 1986 முதல் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெளிப்பானைக் கட்டாயமாக்கியது. பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். தெளிப்பான் இருந்த வீடுகளில் தீயினால் ஒருவரும் இறக்கவில்லை. ஒரு தீயை அடக்கத் தெளிப்பான் செலவிட்ட தண்ணீர் சராசரியாக 341 கலன். தெளிப்பான் இல்லாத இடத்தில் தீயணைப்புப் படையினர் குழாய் பிடித்துப் பாய்ச்சியது 2,935 கலன். தண்ணீர் வீட்டை நாசமாக்கும் என்று அஞ்சுகிறோம். தெளிப்பான் இல்லாவிட்டால் வீட்டுக்குள் வரப்போவது அதைவிட எட்டு மடங்குக்கும் அதிகமான தண்ணீர், அதுவும் வீடு பாதி எரிந்த பிறகு.

இதை மருமகனிடம் சொன்னேன். "அது பாலைவனம் மாமா. அங்கை பைப் உறையாது" என்றார். நியாயமான பேச்சு. வன்கூவர் நகரம் 1990 முதல் தனி வீடுகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். வன்கூவர் குளிர் ரொறன்ரோக் குளிருக்குக் கால்தூசு பெறாது என்பது நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன். உண்மையில் விடை குளிரில் இல்லை, குழாய் போகும் இடத்தில் இருக்கிறது. குளியலறைக்குப் போகும் குழாய் எப்படி உறையாமல் இருக்கிறதோ அப்படியே இதுவும் சூடேற்றிய பகுதிக்குள் போகவேண்டும். கூரைக்கடியில் குளிர்ந்துகிடக்கும் வெற்றிடத்தில் காப்பில்லாமல் போட்டுவிட்டால் அவர் சொன்னது நடக்கும், நடந்தும் இருக்கிறது.

அமெரிக்காவில் இது பெரிய அரசியலாகவே இருந்திருக்கிறது. அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதித்தொகுப்பின் 2009 ஆம் ஆண்டுப் பதிப்பு, புதிய வீடுகள் அனைத்துக்கும் தெளிப்பான் வேண்டும் என்றது. வீடு கட்டி விற்போரின் சங்கம் எதிர்த்து நின்றது. கலிபோர்னியாவும் மேரிலாந்தும் விதியை ஏற்றுக்கொண்டன. பென்சில்வேனியா ஏற்றுக்கொண்டு, 2011 இல் கைவிட்டது. வேறு பல மாநிலங்கள் அப்படியொரு விதியை எவரும் விதிக்கக்கூடாது என்றே சட்டம் செய்தன. வேல்ஸ் நாட்டில் கதை வேறு. தீயணைப்புச் சேவையின் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகள் பணிபுரிந்த ஆன் ஜோன்ஸ் என்ற பெண்மணி அந்நாட்டுச் சட்டசபை உறுப்பினராகி, 2011 இல் இதற்கான சட்டத்தை நிறைவேற்றவைத்தார். 2016 முதல் அங்கே கட்டப்படும் ஒவ்வொரு புதிய வீட்டிலும் தெளிப்பான் இருக்கவேண்டும். அபயக் குரல்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் சட்டமியற்றும் இடத்துக்குப் போய் இதைச் சட்டமாக்கினார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இலண்டனில் 2017 இல் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தைப் பலர் இந்த வாதத்துக்கு இழுக்கிறார்கள். அங்கே தெளிப்பான் இருக்கவில்லை என்பது மெய். ஆனால் அங்கே தீயைக் கொண்டு திரிந்தது வெளிச்சுவரில் ஒட்டிய உறை. அதைத் தனி வீட்டுக்கு உதாரணமாகக் காட்டுவது சரியான பத்திரிகைத் தொழில் ஆகாது.

இவ்வளவும் படித்த பின்னரும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. காரணம், நம் ஊர் வீட்டை வைத்துத்தான் நம்மவர் தீயை நினைக்கிறோம். யாழ்ப்பாணத்துக் கல்வீட்டில் எரிவதற்கு என்ன இருக்கிறது? சுண்ணாம்புச் சுவர், சீமெந்து நிலம், ஓட்டுக்கூரை, இரண்டு வாங்கு, நாலு பாய். குசினி தனியாகப் பின்வளவில். தீ என்றால் கிடுகுவேலி எரியும், வைக்கோற்போர் எரியும். வீடு எரிவதென்றால் யாராவது வந்து எரிக்கவேண்டும். 1983 ஆடியில் கொழும்பில் அதைக் கண்ணால் பார்த்தவன் நான். வாசலில் தீப்பந்தத்தோடு நிற்பவனுக்குத் தெளிப்பானால் பதில் சொல்ல முடியாது. ஆகவே தீ என்பது நமக்கு வெளியிலிருந்து வரும் ஒன்று. கனடாவில் அது உள்ளேயே குடியிருக்கிறது. அங்கே வீடு என்பது மரச்சட்டங்களை நிறுத்தி இருபுறமும் அட்டை அடித்த பெட்டி. அதற்குள் நுரைப்பஞ்சு மெத்தை, நுரைப்பஞ்சுச் சோபா, செயற்கை நூல் கம்பளம். அமெரிக்காவின் யூ.எல். பரிசோதனைக் கூடத்தார் பழங்காலத்துத் தளபாடம் நிரப்பிய அறையொன்றையும் இக்காலத்துத் தளபாடம் நிரப்பிய அறையொன்றையும் கொளுத்திப் பார்த்தார்கள். பழைய அறை முழுவதும் ஒரேயடியாகத் தீப்பற்ற ஏறத்தாழ 29 நிமிடங்கள் எடுத்தன. புதிய அறைக்கு நான்கு நிமிடம் கூட ஆகவில்லை. தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைவாக வந்தாலும் அந்த நான்கு நிமிடத்துக்குள் வந்து சேருமா?

அந்த நான்கு நிமிடத்தில் வீட்டிலுள்ளவர்களை எழுப்புவது புகை அலாரத்தின் வேலை. அது மலிவானது, உயிர்களைக் காத்திருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. புகைந்து புகைந்து மெல்ல மூளும் தீயில் தெளிப்பானின் குமிழ் உடையுமுன் அலாரந்தான் கத்தும். இரண்டில் ஒன்று மற்றதற்கு மாற்றாகாது. ஆனால் அலாரம் கத்திய பிறகு ஒருவர் எழுந்து நடந்து வெளியே போகவேண்டும். அந்த 'ஒருவர்' யார் என்பதை எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

அந்த வீட்டில் நான் படுத்தது பேஸ்மென்ட் எனப்படும் நிலவறையில். ஸ்காபரோவில் நம்மவர் பலரின் கனடா வாழ்க்கை நிலவறையில் தொடங்கியது. முதியவர்கள் சிலரின் வாழ்க்கை அங்கேயே முடிவதும் உண்டு. படி ஏறிவந்தால் குசினி வாசல். அதாவது குசினியில் தீ என்றால் என் வழி அடைபட்டது. மற்ற வழி யன்னல். அவசரத்துக்கு வெளியேறும் யன்னலின் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று கட்டட விதி சொல்கிறது. பேரனின் அடிமட்டத்தை வாங்கி அளந்தேன். உயரம் 310 தான் வந்தது. அது போதுமாக இருந்தாலும் என் வயிறும் முழங்காலும் ஒத்துழைத்திருக்குமா என்பது வேறு விடயம்.

அன்று மாலை படியேறி வந்தபோதுதான் அதைக் கண்டேன். குசினி வாசலுக்கு மேலேயிருந்த புகை அலாரத்தின்மீது குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்ரிக் தொப்பி ஒன்று மாட்டப்பட்டிருந்தது. தீபாவளிக்கு முறுக்குச் சுட்டபோது சம்பந்தி அம்மா மாட்டியது. தாச்சியில் எண்ணெய் காய்ந்தாலே அந்த அலாரம் ஊரைக் கூட்டும். அதனால் பல தமிழ் வீடுகளில் இந்தத் தொப்பி ஒரு சமையற் பாத்திரம் போலவே ஆகிவிட்டது. சில வீடுகளில் பற்றரியையே கழற்றி விடுவார்கள். தீபாவளி முடிந்து பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. அவர் மறந்துவிட்டார். அந்தப் பதினொரு நாளும் அதன் கீழால் நாளுக்கு ஆறு தடவை நடந்து திரிந்த நானும் அதைப் பார்க்கவில்லை.

கழற்றிக்கொண்டுபோய் மேசையில், பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தேன். யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதற்கான காரணத்தை அன்று இரவு மருமகனுக்குச் சொன்னேன். மகளுக்கும் அது முழுதாகத் தெரியாது.

1961 ஆம் ஆண்டு. வடமராட்சியில் எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கச்சிக்கு ஆறு. குப்பி விளக்கை வைத்து நிலத்தில் இருந்து படிப்பேன். எறிந்துவிட்ட மருந்துப் போத்தலொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் துளையிட்டுத் திரி போட்ட விளக்கு. உயரமானது, அடி ஒடுங்கியது, மூடி இறுக்கமில்லாதது. "விளக்குக் கவனம்" என்று அம்மா குசினிக்குப் போகும்போது சொன்னா. பென்சில் எடுக்க உள்ளே போனேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. தங்கச்சி என் கொப்பியைப் பார்க்க வந்திருக்கவேண்டும். விளக்குச் சரிந்து, மூடி கழன்று, எண்ணெய் அவள் சட்டையில் ஊற்றியது. நான்காம் நாள் ஆசுபத்திரியில் போய்ச் சேர்ந்தாள். அம்மா தொண்ணூற்றொரு வயது வரை இருந்தா. ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் பாரம்.

பத்திரிகைக்கு வந்தபின் குப்பி விளக்கு விபத்துச் செய்திகள் என் மேசைக்கு வரும். நாலு வரி, ஆறு வரி. எல்லாவற்றின் முடிவிலும் 'கவனயீனம்' என்ற சொல் இருக்கும். அந்தச் சொல்லை நான் வெட்டிவிடுவேன். உதவி ஆசிரியர்களுக்குக் காரணம் சொன்னதில்லை. பின்னாளில் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை வைத்தியரைப் பற்றி வாசித்தேன். எரிகாயத்தோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து அலுத்துப்போய், தவறு மனிதரில் இல்லை, போத்தலில் இருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். மார்மைட் போத்தலைப் பார்த்து யோசனை பிறந்ததாம். குட்டையான, கனமான, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையான, திருகி மூடும் மூடியுள்ள விளக்கொன்றை 1992 இல் உருவாக்கினார். சரிந்தாலும் எண்ணெய் கொட்டாது. இலட்சக்கணக்கில் அது இலங்கையின் ஏழை வீடுகளுக்குப் போனது. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்தச் செய்தியை வாசித்த அன்று நான் வேலையை விட்டு வெளியே வந்து காலிமுகத்திடலில் நெடுநேரம் இருந்தேன்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. தொப்பியை எடுத்துக் குப்பையில் போட்டார். ஒரு கிழமை கழித்து, "மாமா, வேறை ஒருத்தரிட்டையும் விலை கேட்டனான். 10,800 எண்டுறார். கல்லை மாத்துவம்" என்றார். குசினி மேடைக்கு மலிவான கல் வந்தது. மகள் முகம் சற்று வாடியதை நான் கண்டேன், காணாதவன் போல இருந்தேன்.

சிக்கல்கள் வராமலில்லை. தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் முக்கால் அங்குலம். இரண்டு தெளிப்பான்கள் ஒன்றாகத் திறந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லீற்றர் வேண்டும் என்பதால் அதை ஒரு அங்குலமாக மாற்றவேண்டியிருந்தது. அதற்குத் தனிச் செலவு. மேல்மாடிக் கூரைக்குழாயைப் பஞ்சுக்காப்புக்குக் கீழேதான் போடவேண்டும் என்று மருமகன் ஏணியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டார். வர்ணம் பூச வந்தவர் இரண்டு மூடிகளின்மேலும் சேர்த்துப் பூசிவிட்டார். பூசினால் அவை உரிய நேரத்தில் கழன்று விழாது என்பதால் அவற்றை மாற்றவேண்டி வந்தது.

எல்லா வீடுகளுக்கும் இதைச் சொல்வேனா என்று கேட்டால், இல்லை. இருக்கிற வீட்டின் கூரையைப் பிரித்துக் குழாய் போடுவது பெரும் செலவு. அங்கே அலாரத்துக்குப் பற்றரியும், அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுக்கும் பழக்கமும், ஆள் நுழையக்கூடிய யன்னலும் முதலில் வரட்டும். சாத்திய கதவு தீயையும் புகையையும் நல்ல சில நிமிடங்கள் மறிக்கும், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் வெறும் நிலத்தில் புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு, அதுவும் நிலவறையை வாடகைக்கு விடப்போகிற வீட்டுக்கு, அது சட்டமாகவே இருக்கவேண்டும் என்பது என் கருத்து. வாடகைக்குப் படுப்பவனிடம் எந்தப் பட்டியலையும் யாரும் நீட்டுவதில்லை. வீட்டுக்காரர் கீறிவிட்ட வரியின் கீழே அவன் நித்திரை கொள்கிறான்.

புதுவீடு குடிபுகுதலுக்கு வந்தவர்கள் கூரையிலிருந்த வெள்ளை வட்டங்களை அண்ணாந்து பார்த்து, "என்ன, வீடு முழுக்கக் கமெராவோ?" என்று கேட்டார்கள். பேரன் ஒவ்வொருவரையும் அறை அறையாகக் கூட்டிக்கொண்டுபோய் எண்ணிக் காட்டினான். மொத்தம் இருபத்திரண்டு. "அம்மப்பாவின்ரை கட்டிலுக்கு மேலை இருக்கிறது பதினேழாவது" என்றான்.

சம்பந்தி அம்மா அன்றும் முறுக்குச் சுட்டா. அலாரம் கத்தியது. மருமகன் யன்னலைத் திறந்துவிட்டு, துவாயை எடுத்து விசிறிக்கொண்டு நின்றார்.